அக்டோபர் எட்டு

மில்வாக்கியில் எங்கள் அலுவலகத்துக்கு ஜன்னல் ஒன்றுதான்.
அதையும் உறைகள் அடைத்துக்கொண்டிருக்கின்றன.
நாளைக்கு நானூறு கிழிப்பேன்.
வெள்ளி இரவு மீன் வறுவலுக்கு
எலுமிச்சை பிழியக் கணவனைக் கூப்பிட வேண்டும்;
விரல்நுனியெல்லாம் காகிதம் அறுத்த கோடு.

ஹார்ட்வெல் டயாலிசிஸ் பங்குதாரர் வழக்கு.
பதினோரு கோடி டாலருக்குச் சமரசம்.
எழுபதாயிரம் பேர் கை நீட்டுகிறார்கள்.
வக்கீல்கள் முதல் பந்தியில் உண்டு எழுந்துவிட்டார்கள்;
மிச்சம், போன டாலருக்கு ஒன்பது சென்ட்.

தீர்ப்பை மதிய இடைவேளையில் படித்தேன்,
படிக்கச் சொல்லி யாரும் சம்பளம் தரவில்லை.
பொய்யை நீ காதால் கேட்டிருக்க வேண்டியதில்லை என்கிறது சட்டம்:
சந்தை கேட்டது, விலைக்குள் வைத்தது,
விலையை நம்பினாய் என்றால்
பொய்யை நம்பினாய் என்றே கொள்ளப்படும்.
சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு
அந்தப் பத்தியை இன்னொரு முறை படித்தேன்.

அடுத்த பக்கங்கள் அப்படி இல்லை.
தலைவரின் மனதுக்குள் என்ன இருந்தது என்று
வழக்குத் தொடுக்கும்போதே காட்ட வேண்டுமாம்;
அவர் மேசையைத் திறக்க அனுமதி அதற்குப் பிறகு.
கிடங்குக் காவலாளி ஒருவன் வாய் திறந்ததால் பிழைத்த வழக்கு.

மார்ச்சில் அவர் சொன்னது:
'நோயாளியின் உயிரே எங்களுக்கு முதல்.'
வெறும் பெருமைப் பேச்சு,
விவரமறிந்த யாரும் இதை நம்பி ஏமாறமாட்டார். தள்ளுபடி.
அக்டோபர் ஒன்பதில் சொன்னது:
'ஒரு வடிகட்டி கூடத் திரும்பி வரவில்லை.'
அன்று கிடங்கில் திரும்பிக் கிடந்தவை நாலாயிரம்.
இதுதான் பொய்.
ஆகவே ஏமாற்றம் அக்டோபர் ஒன்பது காலையில் தொடங்குகிறது.
அதற்கு முன் வாங்கியவர்
ஏமாறவில்லை; நஷ்டப்பட்டார், அவ்வளவுதான்.

ஷெபாய்கனிலிருந்து எல்வுட் டெஷ்.
சறுக்குத் தளத்தின் பனியை இரவில் வழுவழுப்பாக்கும் வண்டி ஓட்டுபவர்.
படிவத்தில் காரணம் எழுதக் கட்டம் கிடையாது,
அதனால் பின்பக்கம், பென்சிலில்:

'விலையை நான் பார்க்கவில்லை.
வாரம் மூன்று நாள் வெர்னாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து
நாலு மணி நேரம் அந்த இயந்திரத்தையே பார்த்திருந்தேன்.
சத்தமே போடாது.
இதைச் செய்தவர்கள் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள் என்று
முந்நூறு பங்கு வாங்கினேன்.
அவர்கள் தலைவர் யாரென்றே எனக்குத் தெரியாது.'

அடப்பாவி மனுஷா,
இதை யாராவது எழுதிக் கொடுப்பார்களா?
விலையை நம்பினாய் என்று
உச்ச நீதிமன்றம் உனக்காக வைத்த அனுமானத்தை
உன் பென்சிலே அடித்துவிட்டதே.

மேற்பார்வையாளர் ஜாய்ஸ்லின் காபிக்குப் போயிருந்தாள்.
முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்தேன்.
'பின்பக்கம் காலி' என்ற கட்டத்தில் ஒரு சொடுக்கு.
பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை.

பிறகுதான் தேதியைப் பார்த்தேன்.
அக்டோபர் எட்டு.
எங்கள் நேரம் பிற்பகல் இரண்டு ஐம்பத்தொன்று;
சந்தை மூட ஒன்பது நிமிடம்.

குறியீடு பதினேழு: காலவரம்புக்கு வெளியே.
கடிதத்தைக் கணினியே எழுதும்.
அவர் விலையை நம்பினாரா, இயந்திரத்தை நம்பினாரா,
இனி யாரும் கேட்கப்போவதில்லை.
வெர்னா இருக்கிறாரா என்பதும் எந்தக் கட்டத்திலும் இல்லை.

சொடுக்கை நீக்கினேன்.
தாளைக் கண்ணாடியில் குப்புறப் போட்டேன்.
பச்சை வெளிச்சம் பென்சில் எழுத்தின் மேல்
பனியில் அவர் வண்டி போவது போல
ஓரத்திலிருந்து ஓரத்துக்கு மெதுவாகப் போய் வந்தது.

அடுத்த உறை ரேசினிலிருந்து.
நாற்பது பங்கு, நவம்பர், எல்லாம் சரி.
பின்பக்கம் காலி.